ராதாகிருஷ்ணன் சாரின் அக்கறை

எங்கள் அடுக்குமாடியில் ராதாகிருஷ்ணன் சாருக்குத் தெரியாமல் ஒரு பிரியாணிப் பொட்டலம்கூட மாடி ஏறாது. கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில், தபால் பெட்டிகளுக்கு எதிரே, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆங்கிலப் பத்திரிகையை விரித்து வைத்திருப்பார். படிக்கிறார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். கையில் பை இருந்தால் பையில் என்ன என்பார். பை இல்லாவிட்டால் ஏன் வெறுங்கையோடு வருகிறாய் என்பார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாத பெண்ணிடம், ஏன் போகவில்லை என்று நாலு பேர் முன்னால் கேட்கிற மனிதர். வெட்கம் என்பது அவர் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

அந்த நாற்காலிக்கு நேர் எதிரே என் தையல் கடை. ரவிக்கை, பஞ்சாபி சூட், பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பேன். மிஷினில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினால் அவர் முகம்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எத்தனையோ கடைகளுக்கு எதிரே கோயில் கோபுரம் தெரிகிறது, பூக்கடை தெரிகிறது. எனக்கு வாய்த்தது இது.

அவர் வரலாறு இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அவரே சொல்லிச் சொல்லிப் பதிய வைத்தது. செந்தூலில் பிறந்தார். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். பிள்ளைகளில் இவர் ஒருவர்தான் படித்து, இடைநிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியராகி, ஓய்வு பெற்றார். கேள்வி கேட்டே சம்பளம் வாங்கிய வாய் மட்டும் ஓய்வு பெற மறுத்துவிட்டது. மனைவி ஜொகூரில் மகள் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார் என்பது அவர் சொல்லும் கணக்கு. பேரப்பிள்ளைக்கு இப்போது மீசை முளைத்திருக்க வேண்டும். அந்த அம்மா இன்னும் திரும்பவில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ஒருமுறை குடியிருப்பாளர் கூட்டத்தில் மூன்றாம் மாடி புஷ்பவல்லி அவரை எல்லோர் முன்னாலும் கேப்போ என்று சொல்லிவிட்டாள். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவனுக்குச் சீனர்கள் சொல்லும் சொல் அது. கோலாலம்பூரில் எல்லா இனத்துக்காரர்களும் அதைச் சொந்தமாக்கிக்கொண்டுவிட்டோம். புஷ்பவல்லி சும்மா சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தவளை லிஃப்டில் வழிமறித்து, என்ன டெஸ்ட், எந்த டாக்டர், ரிசல்ட் எப்படி என்று நச்சரித்திருக்கிறார். கூட இருந்த பங்களாதேஷ் பையன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டானாம்.

வேறு ஒருவராக இருந்தால் நாலு நாள் வெளியே தலைகாட்டியிருக்க மாட்டார். ராதாகிருஷ்ணன் சார் எழுந்து நின்று பாடம் நடத்தினார்.

"லிசன், புஷ்பா. கேப்போன்னா வேலவெட்டி இல்லாதவன். நோசின்னா அடுத்தவன் ஜன்னல்ல மூக்க வைக்கிறவன். பிசிபாடின்னா கேக்காமலே உள்ள பூந்து வேல செய்றவன். நான் அந்த கேட்டகரி இல்லலா. ஐ எம் கியூரியஸ். ஒரு படிச்ச மனுஷன் இன்குவிசிட்டிவா இருக்கணும். இல்லன்னா மூள துருப்பிடிச்சிடும்."

பாதிப் பேர் தலையாட்டினார்கள். சொல்லுக்குச் சொல் தரம் பிரித்துக் காட்டினார் அல்லவா, மயங்கிவிட்டார்கள். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது, ஆனால் மனிதர்கள் ஓடும் வழி தெரியும். இவர் கேள்வி கேட்பதெல்லாம் நல்ல தமிழில். அது என்ன பழக்கம் என்று யாராவது திருப்பிக் கேட்டால்தான் ஆங்கிலம் வரும். ஒரே நாற்றத்துக்கு வகைவகையாக சென்ட் அடித்துக்கொள்கிற ஆள். தமிழில் பெயர் வைத்தால் நாறிவிடும் என்று அவருக்கே தெரியும்.

புனிதா எங்கள் கட்டடத்துக்கு வந்தபோது இவருக்குத் தீபாவளி ஒரு வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. முப்பது வயது தாண்டிய பெண். கூட ஒரு சின்ன மகள், கவிஷா. இன்னும் கல்யாணமாகாத தங்கை மாதவி. ஆண்பிள்ளை யாரும் இல்லை. இதைவிட ருசியான பண்டம் ராதாகிருஷ்ணன் சாருக்கு எங்கே கிடைக்கும்? பெட்டிகளை இறக்குவதற்குள்ளேயே எந்த ஊர், என்ன வேலை, வீட்டுக்காரர் எங்கே என்று ஆரம்பித்துவிட்டார். புனிதா சிரித்தபடியே, அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றாள். எந்த நாடு என்றார். அவள் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு பெட்டியைத் தள்ளுவதில் மும்முரமாகிவிட்டாள்.

கிளினிக் ஒன்றில் முன்மேசையில் அவளுக்கு வேலை. மாதவி சுங்கை வேயில் தொழிற்சாலைக்குப் போய் வந்தாள். குழந்தை பக்கத்துத் தெருவில் பாலர் பள்ளி.

தைக்க வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அளவெடுக்கிறவளுக்கு முதுகு தெரிந்துவிடும். புனிதாவின் முதுகில், கழுத்துக்குக் கீழே, இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த தழும்பு இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. "பின்கழுத்த நல்லா மேல ஏத்தித் தைங்க அக்கா" என்று அவள்தான் சொன்னாள். சரிம்மா என்று குறித்துக்கொண்டேன். மூன்றாவது ரவிக்கை தைக்கும்போது அவளாகவே சொன்னாள். புருஷன் பெயர் கமலநாதன், கிள்ளானில் இருக்கிறான், நன்றாகப் படித்தவன், வெளியே தங்கம். போலீஸில் புகார் கொடுத்து, நெருங்கக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவும் வாங்கியிருக்கிறாள். ஆனால் காகிதம் கதவைத் தாழ் போடாது அல்லவா? அவனுக்கு இடம் தெரியாமல் இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் நீ தானாக வந்து காலில் விழுவாய் என்று சொல்லி வைத்திருக்கிறானாம். அதனால்தான் பேஸ்புக் கிடையாது, கோயில் அர்ச்சனையில்கூடப் பெயர் சொல்வது கிடையாது.

கவிஷா மட்டும் வாயாடி. பாலர் பள்ளி விட்டதும் புனிதா அழைத்துவந்து என் கடையில்தான் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்புவாள். துண்டுத் துணிகளைப் பொறுக்கிப் பொம்மைக்குச் சேலை கட்டுவாள். பேச்சு நிற்காது. டீச்சர் எந்தச் செருப்பு போட்டிருந்தார், யார் வாந்தி எடுத்தது, மாதவி சின்னம்மா கண்ணாடி முன்னால் எப்படி ஆடினாள், எல்லாம் ஒரே மூச்சில் வரும். அந்தக் குழந்தை கடையில் இருந்தால் எனக்கு ரேடியோ வேண்டாம். சத்தியமாகச் சொல்கிறேன், மதியம் ஆனால் அவள் குரலுக்காகக் காத்திருப்பேன்.

தாயிடம் வேகாத பருப்பைப் பிள்ளையிடம் வேகவைத்தார் ராதாகிருஷ்ணன் சார். சட்டைப்பையில் மைலோ மிட்டாய் வைத்துக்கொண்டு, பாப்பா இங்கே வா என்பார். அப்பா பேர் என்ன, அப்பா வீட்டில் கார் என்ன கலர், ஏன் அப்பா வருவதில்லை. ஒருநாள் என் காதிலேயே விழுந்தது. நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே போய், பிள்ளையிடம் என்ன சார் விசாரணை என்றேன். அன்று புதிதாக ஒரு சொல் கிடைத்தது. கன்சர்ன். அப்பா இல்லாத பிள்ளை மேல் அவருக்கு கன்சர்னாம். அக்கறையாம். அந்த அக்கறையில் ஒரு சொட்டாவது, புனிதா மழையில் நனைந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது குடை பிடிக்கப் போனதா? நாற்காலியை மட்டும் உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டார்.

புனிதா அவரிடம் நேராகவே போய்க் கேட்டுக்கொண்டாள். எங்களைப் பற்றி யாரிடமும் பேசவேண்டாம் சார், கஷ்டத்தில் இருக்கிறோம் என்றாள். கையெடுத்துக் கும்பிட்டாள், நான் பார்த்தேன். அவர் நெஞ்சில் கை வைத்து, என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகாது என்றார்.

போனது. அது எப்படிப் போனது என்பதையும் சொல்கிறேன்.

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் எடுக்கப் போகிறவர்கள் அந்தப் பெண் குடியிருக்கும் இடத்துக்கே வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். அப்படி வந்தவர்களுக்கு எதையும் மறைக்கக்கூடாது, மறைத்தால் ஒரு குடும்பத்தைக் கெடுத்த பாவம். வந்தவர்களை எதிர்க்கேள்வி கேட்பதும் மரியாதை இல்லை. அவர்கள் சும்மா வந்ததுபோல வருவார்கள், நாமும் சும்மா சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் இந்த இலாகா ராதாகிருஷ்ணன் சாருடையது. அவர் வாயில் புகுந்து புறப்படாமல் இங்கே எந்தப் பெண்ணும் மணவறை ஏறியதில்லை.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் எனக்குக் கழுத்துவரை துணி குவிந்து கிடக்கும். அப்படி ஒரு நாள், ஒரு ஆளும் வயதான அம்மாள் ஒருத்தியும் வந்தார்கள். அவனுக்கு இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அந்த அம்மாள் பட்டுச்சேலை கட்டி, இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டு, ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தாள். தன் தம்பிக்கு மாதவி என்ற பெண்ணைத் தரகர் சொல்லியிருக்கிறார், பிரிக்பீல்ட்ஸில் இந்தப் பக்கம்தான் எங்கேயோ இருக்கிறார்களாம் என்று அவன் ஆரம்பித்தான். நல்ல ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். சாருக்கு முகம் மலர்ந்ததை மிஷினிலிருந்தே பார்த்தேன். அந்த ஆளின் முகம் எனக்குத் தெரியாது. மாதவிக்கு நல்ல இடம் வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு ஊசியைக் கோத்தேன்.

மூவரும் பக்கத்தில் டீ, காப்பி விற்கும் வாசுவின் தண்ணீர்க் கடையில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு பாட்டம் தேத்தாரே, அதாவது நுரைக்க ஆற்றிய பால் டீ, முடிந்து இன்னொரு பாட்டமும் வந்தது. அங்கே என்ன பேசினார்கள் என்பதைப் பிறகு அவர் வாயாலேயே கேட்டோம். எந்த மாடி, எந்தக் கதவு, அக்காள் எந்த கிளினிக், தங்கை எத்தனை மணி பஸ், குழந்தை எந்தப் பாலர் பள்ளி, செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் கூட்டம் என்பதால் புனிதா பிள்ளையை அழைக்க எப்போதும் தாமதமாகத்தான் வருவாள், எல்லாம் சொல்லியிருக்கிறார். அதோடு விட்டாரா? அக்காள் புருஷன் கிள்ளானில் இருக்கிறான், ஏதோ கோர்ட் கேஸ் இருக்கும்போல, ஆள் சரியில்லை என்று நினைக்கிறேன் என்று பிள்ளையிடம் கறந்த தன் ஆராய்ச்சியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். கமலநாதனைப் பற்றிக் கமலநாதனிடமே. அவன் ரொம்ப கவனமாகக் கேட்டானாம். வெரி குட் லிசனர் என்று அப்போது நினைத்தாராம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை புனிதா பாலர் பள்ளிக்குப் போனபோது கவிஷா இல்லை. அப்பா வந்து அழைத்துப்போய்விட்டார், அடையாளக் கார்டு காட்டினார், பாப்பாவும் அப்பா என்றுதான் கூப்பிட்டாள் என்றார்கள். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று விழ, புனிதா அப்படியே என் கடைக்கு ஓடி வந்தாள். மேசையில் கிடந்த பொம்மைச் சேலையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தை நான் எழுத முடியாது.

போலீஸ் வந்தது. நம் பெண் ஒருத்தி, சார்ஜனாக இருப்பவள். புனிதாவின் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினாள். ராதாகிருஷ்ணன் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். இவர்தான் கல்யாண விசாரிப்புக்கு வந்தவர் என்றார். சார்ஜன் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் என்ன பெயர் சொன்னான்? எந்தக் காரில் வந்தான், நம்பர் என்ன? கைப்பேசி எண் கொடுத்தானா? எங்கே தங்கியிருப்பதாகச் சொன்னான்? கூட வந்த அம்மாள் யார்?

அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணுமே கேக்கலயா சார்?" என்றாள் அவள்.

"விசாரிக்க வந்தவங்கள நாம எப்படிலா கேக்கிறது. ரொம்ப டீசன்டா பேசினார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புஷ்பவல்லியின் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்று கேட்கத் தெரிந்தது. ஆறு வயதுப் பிள்ளையிடம் அப்பன் கார் கலரைக் கேட்கத் தெரிந்தது. கேட்க வேண்டிய ஒரே ஆள் இஸ்திரி போட்ட சட்டையில் எதிரே வந்து உட்கார்ந்து தேத்தாரே குடித்தபோது, பெயர் என்ன என்று கேட்க நாக்கு எழவில்லை. இத்தனை வருஷ அனுபவமும் எளியவர்களிடம் மட்டும்தான் செல்லும் என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது. அவர் முகத்துக்கு நேரே சொன்னேன், நீங்கள் மனிதரே இல்லை என்று. சார்ஜன் என்னைப் பார்த்தாள், ஆனால் தடுக்கவில்லை.

இரண்டு மூக்குத்தி, காலை இழுத்து நடந்தாள் என்று நான் சொன்னதும் புனிதா நிமிர்ந்தாள். அவனை வளர்த்த சின்னம்மாள். கிள்ளானில் அவள் வீடு புனிதாவுக்குத் தெரியும். போலீஸ் அங்கே போனது. இருட்டுவதற்குள் பிள்ளை கிடைத்துவிட்டாள். அவனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அந்த வீட்டில் மத்தியானம் முழுக்க அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அம்மா எங்கே வேலை செய்கிறாள், யாரோடு பேசுகிறாள், வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். பதில் சொல்லச் சொல்லத் தாயைத் திட்டி, பொருள்களைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்கிறான்.

நடந்ததற்கு ராதாகிருஷ்ணன் சார் மன்னிப்பு கேட்டார் என்று நினைக்காதீர்கள். கட்டடத்து வாட்ஸ்அப்பில் நீளமாக ஆங்கிலத்தில் எழுதினார். குட் ஃபெய்த் என்றார், அன்ஃபார்ச்சுனேட் என்றார். மாதவியின் எதிர்காலத்தை எண்ணித்தான் பேசினாராம். ஏழெட்டுப் பேர் கும்பிடு போடும் கையைப் பதிலாக அனுப்பினார்கள். அவர்களையும் எனக்குத் தெரியும். சார் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுச் செய்தி அவர்களுக்கு யார் சொல்வது? அவர் ஒருவர் வாய், கட்டடம் முழுக்கக் காது.

கமலநாதன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான் என்று செய்தி வந்தது. இனி இந்த இடத்தில் புனிதா எப்படி இருப்பாள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்ன லோரி வந்தது. நானும் மாதவியும் மாடியிலிருந்து சாமான்களை இறக்கினோம். எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சொல்லட்டுமா அக்கா என்று புனிதா கேட்டாள். வேண்டாம், எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்றேன்.

சிவப்பு நாற்காலி காலியாக இருந்தது. போகும்போதாவது அந்த முகத்தைப் பார்க்காமல் போகட்டும் என்று நினைத்தேன். கடைசி மெத்தையை ஏற்றும்போது வந்துவிட்டார். நேராக லோரி டிரைவரிடம் போய், தூரமா போகுது பாஸ் என்றார். டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. கேட் தாண்டியதும் வழி சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றான். நான் கையில் இருந்த தலையணையை வீசியிருப்பேன், மாதவி என் கையைப் பிடித்தாள்.

கவிஷா லோரியின் முன்சீட்டில், அம்மாவுக்குப் பக்கத்தில், பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தார். சட்டைப்பைக்குள் கை போனது.

"பாப்பா, புது ஸ்கூல் எங்கம்மா?"

பிள்ளை அந்த மிட்டாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பொம்மையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நன்றாக வேண்டும் உனக்கு என்று வாய்விட்டே சொன்னேன். நீட்டிய மிட்டாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். போங்க சார் என்று அவரைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டு நான் ஜன்னலுக்குப் போனேன். காலையிலிருந்து ஓடிய ஓட்டத்தில் அந்தக் குழந்தை வாயில் ஏதாவது வைத்தாளோ இல்லையோ என்று எனக்குக் கவலை.

"சாப்டியாடி தங்கம்?" என்றேன்.

கவிஷா என்னைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு அம்மா பக்கம் ஒண்டினாள். புனிதா தலையைக் குனிந்துகொண்டாள். டிரைவர் லோரியைக் கிளப்பினான்.